ஏவும் வினாவும் கேட்கும் வினாவும்: அமெரிக்க நீதிமன்றத்தில் ஜூரர் தேர்வு



ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். “உங்களால் நடுநிலையோடு தீர்ப்பு வழங்க முடியுமா?” அமெரிக்காவின் குற்றவியல் நீதிமன்றங்களில் நாள்தோறும் கேட்கப்படும் வினா இது. கேட்பவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கும் நீதிபதி. கேட்கப்படுபவர் அஞ்சலில் வந்த அழைப்பாணையை எடுத்துக்கொண்டு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் ஒரு கடை ஊழியர், ஒரு தாதி, ஓய்வு பெற்ற ஓர் ஓட்டுநர். முன்பின் அறியாத பலர் நடுவே அமர்ந்திருக்கும் அவர் என்ன சொல்வார்? “முடியும்” என்றுதான் சொல்வார். “முடியாது, ஐயா, நான் ஒருதலைச் சார்புடையவன்” என்று அவையில் எழுந்து சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அந்த வினாவுக்குக் கிடைக்கும் “முடியும்” என்னும் விடையால் நாம் அறிந்துகொள்வது யாதொன்றும் இல்லை. ஆயினும் அந்த விடையை நம்பித்தான் ஒரு மனிதனின் விடுதலையும், சில மாநிலங்களில் அவன் உயிரும், பன்னிருவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றன.

ஜூரி என்பதற்கு நடுவர்குழு, அறங்கூறாயம் எனத் தமிழில் சொற்கள் உண்டு. இலங்கைத் தமிழர் யூரி என்பர். நம் நாட்டு முதியவர்களுக்குப் பழகிய ஜூரி, ஜூரர் என்னும் சொற்களையே இங்கு ஆள்கிறேன். முதியவர்கள் என்று சொல்லக் காரணம் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இம்முறை ஒருகாலத்தில் இருந்தது. சிங்கப்பூரில் 1960இல் மரண தண்டனைக்குரிய வழக்குகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, 1969இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது. மலேசியாவில் 1995 வரை நீடித்தது. எழுவர் அமர்ந்து தீர்ப்புரைத்த அம்முறையில், ஜூரராக அமர ஆங்கில அறிவு வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட தோட்டத் தொழிலாளியோ துறைமுகத் தொழிலாளியோ பேசிய மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை! லீ குவான் இயூ இளம் வழக்கறிஞராக இருந்தபோது, 1950ஆம் ஆண்டுக் கலவரத்தில் நடந்த ஒரு கொலை தொடர்பாக நால்வருக்கு வாதாடி, ஜூரர்களின் ஐயங்களைத் தூண்டிக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை மீட்டார். அவ்வெற்றி தமக்கு மனநிறைவு தரவில்லை என்று பின்னாளில் கூறினார். டேவிட் மார்ஷலோ ஜூரி முறையை நீக்கக் கூடாது என்று இறுதிவரை போராடினார். அந்த வழக்காடலுக்குள் நான் இன்று புகப் போவதில்லை. ஜூரி முறை வலுவாக வாழும் அமெரிக்காவில், அந்தப் பன்னிருவரை எப்படித் தேர்கிறார்கள், அவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதே நம் பொருள்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் போன்றவற்றிலிருந்து குடிமக்கள் குலுக்கல் முறையில் அழைக்கப்படுவர். அவர்களை நீதிபதியோ, இருதரப்பு வழக்கறிஞர்களோ, எல்லாருமோ வினவுவர். கூட்டரசு நீதிமன்றங்களில் பெரும்பாலும் நீதிபதியே கேட்பார். பல மாநிலங்களில் வழக்கறிஞர்களுக்கு அதிக இடம் உண்டு. சார்புடையவர் என்று தெரிய வந்தால், காரணம் காட்டி அவரை விலக்கக் கோரலாம். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. காரணமே கூறாமல் சிலரை விலக்கவும் ஒவ்வொரு தரப்புக்கும் உரிமை உண்டு. அதற்கு வரம்பு உண்டு. கூட்டரசு நீதிமன்றத்தில் கடுங்குற்ற வழக்கானால் எதிர்த்தரப்புக்குப் பத்து, அரசுத் தரப்புக்கு ஆறு. மரண தண்டனை வழக்கானால் இருதரப்புக்கும் இருபது இருபது. இந்த வினவலுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘வுவார் டீர்’ என்னும் பழைய பிரெஞ்சுத் தொடர். உண்மை உரைத்தல் என்பது அதன் பொருள்.

உண்மை உரைத்தல் என்று படித்தவுடன் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் விடையின் வகைகளைச் சொல்லும்போது உற்றது உரைத்தல் என்று ஒன்றைச் சொல்கிறார் அல்லவா? அங்கிருந்துதான் இவ்வுரை பிறந்தது.

வினா ஆறு வகைப்படும் என்று நாம் வகுப்பறையில் சொல்லித் தருகிறோம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பகுப்பின் நுட்பத்தைப் பாருங்கள். வினாவின் வடிவத்தை வைத்து இது செய்யப்படவில்லை. கேட்பவனின் நோக்கத்தை வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. “சாப்பிட்டாயா?” என்னும் ஒரே தொடர், விருந்தினரிடம் கேட்டால் அறியாவினா, உண்ண மறுக்கும் பிள்ளையிடம் தாய் கேட்டால் ஏவல்வினா. அங்கே தாய் செய்தி எதையும் கேட்கவில்லை, சாப்பிடு என்கிறாள்.

“நடுநிலையோடு இருக்க முடியுமா?” என்று நீதிபதி கேட்பது எவ்வகை? வடிவத்தில் அறியாவினா. செயலிலோ அது ஏவல்வினா. நடுநிலையோடு இரு என்பதே கேட்பவர் காதில் விழுகிறது. ஏவலுக்குப் பணிவு ஒன்றே பொருத்தமான மறுமொழி. “முடியும்” என்பது அந்தப் பணிவு. வழக்கறிஞர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், “நீங்கள் சட்டத்தைப் பின்பற்றுவீர்கள்தானே?”, “காவலர் என்பதற்காக மட்டும் அவர் சொல்லை நம்பிவிட மாட்டீர்கள் அல்லவா?” என்று கேட்பதுண்டு. அந்தத் ‘தானே’யும் ‘அல்லவா’வும் வினாவின் உயிரை எடுத்துவிடுகின்றன.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதை 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த இர்வின் வழக்கு காட்டும். இண்டியானா மாநிலத்தில் ஆறு கொலைகள் தொடர்பாகக் கைதானவர் அவர். ஊரே அவரைக் குற்றவாளி என்று பேசிக்கொண்டிருந்தது. அழைக்கப்பட்ட 430 பேரில் 268 பேர், குற்றத்தைப் பற்றி உறுதியான கருத்துக் கொண்டவர்கள் என்று விலக்கப்பட்டனர். இறுதியில் அமர்ந்த பன்னிருவரில் எண்மர், விசாரணை தொடங்குவதற்கு முன்பே அவர் குற்றவாளி என்று தாம் கருதுவதை ஒப்புக்கொண்டவர்கள். ஆயினும் நடுநிலையோடு இருக்க முடியுமா என்று கேட்டபோது முடியும் என்றார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. அந்த எண்மரும் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை. தம்மால் முடியும் என்றே அவர்கள் நம்பியிருக்கக்கூடும். மனிதன் தன் சார்பை அறியாதவன்; ஆகவே சார்பைப் பற்றி அவனிடமே தீர்ப்புக் கேட்பது வீண்.

அப்படியானால் எதைக் கேட்பது? தேர்ந்த வழக்கறிஞர்கள் கருத்தைக் கேட்பதில்லை; நடந்ததைக் கேட்கிறார்கள். “காவல்துறை மீது உங்களுக்கு நம்பிக்கை உண்டா?” என்பதை விட்டுவிட்டு, “நீங்கள் கடைசியாகக் காவலர் ஒருவரோடு பேச நேர்ந்தது எப்போது? அன்று என்ன நடந்தது?” என்கிறார்கள். முதல் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள். இரண்டாவதற்கு ஒரு கதை. அந்தக் கதையில் யார் மீது கோபம், யார் மீது மதிப்பு என்பது பேசுபவர் அறியாமலே வெளிப்படும்.

இரு பக்கத்துக்கும் சமமான மதிப்புத் தந்து கேட்பது மற்றொரு முறை. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறாமல் இருக்கும் உரிமை உடையவர். அதை அவருக்கு எதிராகக் கொள்ளக் கூடாது என்பது சட்டம். “அவர் பேசாவிட்டால் அதைத் தவறாக எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டால், சட்டம் தெரிந்த பிள்ளையைப் போல எல்லாரும் “மாட்டோம்” என்பர். “செய்யாத குற்றத்தைச் சாட்டினால் யாரும் எழுந்து மறுத்துப் பேசுவார்கள் என்று சிலர் கருதுகிறார்கள். வழக்கறிஞர் சொல்படி வாய்திறவாமல் இருப்பதும் இயல்பே என்று வேறு சிலர் கருதுகிறார்கள். உங்கள் மனம் எந்தப் பக்கம் சற்று நெருங்கி நிற்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். ‘சற்று’ என்னும் சிறு சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். முழுச் சார்பை ஒப்புக்கொள்ளக் கூசுபவர்கூட ‘சற்று’ சார்ந்திருப்பதை ஒப்புக்கொள்வார். சட்டத்துக்கு ஒவ்வாத கருத்தைச் சிலர் கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பவரே முதலில் சொல்லிவிட்டதால், அதைச் சொல்வது இனி வெட்கத்துக்குரியது ஆகாது.

எனக்கு மிகப் பிடித்த வினா ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது. “ஒரு சாட்சியும் இன்னும் பேசவில்லை. இந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நீதிபதி கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?” பெரும்பாலோர், “சாட்சியங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?” என்பார்கள். அறிவார்ந்த விடைபோலத் தோன்றும். ஆனால் சட்டப்படி அது பிழை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவரே. ஆகவே அந்த நிமிடத்தில் ஒரே விடை, குற்றவாளி அல்லர் என்பது. “குற்றமற்றவர் என்னும் அனுமானத்தை ஏற்கிறீர்களா?” என்று கேட்டபோது தலையசைத்தவர்கள்தாம் இங்கே தடுமாறுகிறார்கள். நாம் வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்கும்போது எழும் “புரிந்தது” என்னும் கூட்டுக்குரலும் இத்தகையதே. புரிந்ததா என்பதை அறிய வேண்டுமானால் ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும்.

கேட்டபின் என்ன செய்வது என்பது கேட்பதைவிடக் கடினம். ஒருவர் எழுந்து, “எனக்குக் குடிப்பவர்களைக் கண்டாலே பிடிக்காது. என் தங்கையை ஒரு குடிகாரன் ஓட்டிய கார் மோதியது” என்கிறார். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு வயிறு கலங்கும். மற்ற ஜூரர்களின் மனத்தையும் இது கெடுத்துவிடுமே என்று அஞ்சி, பேச்சை மாற்றப் பார்ப்பார். அல்லது அவரோடு வாதாடத் தொடங்குவார். இரண்டும் தவறு. அவர் வாயை அடைத்தால், அடுத்த இருக்கையில் அதே நினைவோடு இருப்பவர் வாயே திறக்க மாட்டார். அந்த நினைவு நேரே ஜூரர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேர்ந்தவர், “சொன்னதற்கு நன்றி. சொல்வது எளிதாக இருந்திருக்காது” என்று கூறிச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். பிறகு மற்றவர்களை நோக்கி, “வேறு யாருக்கு இதுபோன்ற உணர்வு உண்டு?” என்பார். ‘உண்டா?’ என்று கேட்காமல் ‘வேறு யாருக்கு உண்டு?’ என்று கேட்பதில் உள்ள வேறுபாட்டை இலக்கணம் கற்பிப்போர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வினாவின் சொற்கள் எவ்வளவு வழுக்கக்கூடியவை என்பதற்கு, 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மக்டோனா நிறுவனத்தின் வழக்கு ஒன்றே போதும். புல்வெட்டும் எந்திரத்தில் காயமுற்ற ஒரு சிறுவனுக்காகப் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. ஜூரர்களைத் தேரும்போது அவர்கள் தரப்பு வழக்கறிஞர், உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தாருக்கோ உடற்குறையையோ நீடித்த வலியையோ விளைவித்த காயம் ஏற்பட்டதுண்டா என்று கேட்டார். ஒருவர் பேசாமல் இருந்தார். வழக்குத் தோற்றபின் தெரிந்தது: அவருடைய மகனுக்கு லாரியின் டயர் வெடித்துக் கால் முறிந்திருந்தது! மறைத்தாரா? இல்லை. முறிந்த கால் கூடிவிட்டது. அதை அந்த வினா சுட்டிய காயங்களுள் ஒன்றாக அவர் எண்ணவில்லை. ஜூரர்கள் எல்லாரும் ஆங்கிலச் சொல்வழக்கில் வல்லுநர்கள் அல்லர் என்று நீதிபதிகள் குறிப்பிட்டு, மறுவிசாரணை தர மறுத்தனர்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை காணத் தோன்றவில்லை. அந்த வினாவில்தான் குறை. நீடித்த வலி எது, உடற்குறை எது என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கேட்டவர் விடையளிப்பவர் தலையில் ஏற்றிவிட்டார். “உங்கள் வீட்டில் யாராவது அடிபட்டு மருத்துவமனைக்குப் போனதுண்டா?” என்று கேட்டிருந்தால் அந்தத் தந்தை உடனே கை தூக்கியிருப்பார். கடினமான சொல்லை எளிய சொல்லாக்கினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே தேவைப்பட்டது வேறு: மதிப்பிடச் சொல்லும் வினாவை, நினைவுகூரச் சொல்லும் வினாவாக மாற்றுவது.

நன்னூலுக்கு மீண்டும் வருகிறேன். விடைகள் எட்டு என்று கூறி, சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றையும் நேரடி விடைகளாகவும், ஏவல், வினா எதிர்வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தையும் குறிப்பால் விடை தருபவையாகவும் கொள்கிறோம். நீதிமன்றங்களுக்கு நேர்விடைதான் பிடிக்கும். பதிவேட்டில் எழுத வசதியானது. ஆனால் ஜூரர்கள் குறிப்பு விடைகளில்தான் உண்மையைச் சொல்கிறார்கள். “நடுநிலையோடு இருப்பீர்களா?” என்றதற்கு ஒருவர், “போன மாதம்தான் என் கடையை உடைத்தார்கள், ஐயா” என்கிறார். உற்றது உரைத்துவிட்டார். இன்னொருவர், “முயன்று பார்ப்பேன்” என்கிறார். இருப்பேனா என்றதற்கு முயல்வேன் என்பது இனமொழி. இலக்கணம் படித்தவனுக்கு இவை விடைகள். ஆனால் அங்கே நடப்பது என்ன? நீதிபதி முன்னால் சாய்ந்து, “அது இருக்கட்டும். நான் சட்டத்தை எடுத்துச் சொன்னால் அதன்படி நடப்பீர்கள் அல்லவா?” என்கிறார். “நடப்பேன்” என்கிறார் கடைக்காரர். ஏவல்வினா வென்றது, உற்றது உரைத்தல் பதிவேட்டிலிருந்து அழிந்தது. இப்படிச் செய்வதற்கு ஜூரரைச் சீர்படுத்தல் என்னும் பொருளில் அங்கே ஒரு பெயர் உண்டு. சீர்படுவது ஜூரர் அல்லர் என்பதே என் கருத்து.

சில வினாக்களைக் கேட்கவே தயங்குகிறார்கள். தென் கரோலினாவில் ஹாம் என்னும் கறுப்பின இளைஞர், சிவில் உரிமைப் பணியில் ஈடுபட்டவர், கஞ்சா வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். நிறத்தின் பேரில் உங்களுக்கு வெறுப்பு உண்டா என்று ஜூரர்களைக் கேட்குமாறு அவர் தரப்பு வேண்டியது. விசாரணை நீதிபதி மறுத்து, சார்பு உண்டா என்பது போன்ற பொது வினாக்களோடு நிறுத்திக்கொண்டார். 1973இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. இனம் பற்றிக் கேட்டே ஆக வேண்டியிருந்தது என்றது. அவர் தாடி வைத்திருந்தார். தாடி மீது வெறுப்பு உண்டா என்றும் கேட்கச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. தாடியைப் பார்த்து முடிவெடுக்கும் மனிதரை நான் கண்டிருக்கிறேன், அது போகட்டும்.

இதுவரை, நன்றாகக் கேட்டால் உண்மை வெளிப்படும் என்றே பேசிவந்தேன். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. உண்மையைத் தேடும் அதே கருவியால் ஒருவரை வெளியேற்றவும் முடியும். 1986இல் பேட்சன் வழக்கின் தீர்ப்பு, இனத்தின் அடிப்படையில் ஜூரர்களைக் காரணம் கூறாது விலக்குவதைத் தடை செய்தது. அதன்பின், ஐயம் எழுந்தால் இனம் சாராத ஒரு காரணத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. காரணம் வேண்டுமா? வினாக்களைப் பெருக்கினால் கிடைத்துவிடும்.

மிசிசிப்பி மாநிலத்தின் வினோனா என்னும் சிற்றூரில் 1996இல் ஓர் அறைகலன் கடையில் நால்வர் கொல்லப்பட்டனர். கர்ட்டிஸ் பிளவர்ஸ் என்னும் கறுப்பினத்தவர் மீது வழக்கு. ஒரே அரசு வழக்கறிஞர் அவரை ஆறு முறை விசாரணைக்குக் கொண்டுவந்தார். ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, விலக்கக்கூடிய நிலையில் இருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு விலக்கியது. ஆறாவது விசாரணையில், விலக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் கேட்கப்பட்ட வினாக்கள் 145. ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையரிடம் கேட்கப்பட்டவை 12. ஆளுக்கு இருபத்தொன்பது ஒரு பக்கம், ஆளுக்கு ஒன்று மறுபக்கம். சிற்றூரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னாரைத் தெரியுமா, அவரோடு வேலை செய்தீர்களா என்று தோண்டத் தோண்ட ஏதேனும் ஒரு தொடர்பு அகப்படத்தான் செய்யும். தோண்டாத இடத்தில் அது அகப்படாது. ஒவ்வொரு வினாவையும் தனியே எடுத்தால் பழுது சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தபோதுதான் நோக்கம் தெரிந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் சிறையில் கழித்தபின் அவர் பிணையில் வெளிவந்தார். 2020இல் வழக்கே கைவிடப்பட்டது.

காரணம் கூறாது விலக்கும் உரிமையை இங்கிலாந்து 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் 2022ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நீக்கியது. இனி அங்கே ஒருவரை விலக்க வேண்டுமானால் காரணம் காட்டியே ஆக வேண்டும். காரணம் ஜூரரின் வாயிலிருந்தே வர வேண்டும். எனவே அம்மாநில வழக்கறிஞர்கள் முன்பைவிட நன்றாகக் கேட்கப் பழகியாக வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். “நடுநிலையோடு இருக்க முடியுமா?” என்று கேட்டு, “முடியும்” என்று பெற்றுக்கொண்டு, மனத்துக்குப் படாதவரைக் கமுக்கமாக நீக்கிவிடும் வசதி அவர்களுக்கு இனி இல்லை.